எங்களோடு சேர்ந்து செய்த சேவைக்கு எங்களைக் கேட்காமல் மதிப்பெண் போட்டது ஏன்?

நீலகிரி உறைபனி, மழை முன்னறிவிப்புச் சேவையை நடத்தும் ஆய்வாளர்களுக்கும், அதில் பங்கெடுத்த தோட்டக்கலை அலுவலர்களுக்கும், தொண்டு நிறுவனத்தாருக்கும்,

சென்ற வாரம் உங்கள் இறுதி மதிப்பீட்டு அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் வாட்ஸ்அப்பில் வந்தது. ஆறு பக்கம். மூன்று முறை படித்தேன். சேவை 86 சதவீதம் துல்லியமாக இருக்கிறது, பயனாளிகள் திருப்தியாக இருக்கிறார்கள், விவசாயிகளோடு இணைந்து உருவாக்கும் முறை வெற்றி பெற்றுவிட்டது என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். அன்று மாலையே இன்னொரு செய்தி வந்தது. மதிப்பீடு முடிந்துவிட்டதால் இனி மாதக் கூட்டம் கிடையாது, பள்ளங்களில் வைத்த நான்கு வெப்பமானிகளும் இந்த மாதக் கடைசியில் எடுக்கப்படும், இதே சேவை அடுத்து கொடைக்கானலுக்குப் போகிறது.

நான் கேத்தி பாலாடா பக்கம் இரண்டு ஏக்கரில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவள். அதற்கு முன் முப்பத்தொரு வருடம் கணக்கு டீச்சர். உங்கள் குழுவில் விவசாயிகள் தரப்பு என்று உட்கார்ந்திருந்த ஐந்து பேரில் ஒருத்தி. மூன்று வருடத்தில் ஒரு கூட்டத்தையும் நான் விட்டதில்லை. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் அந்த 86. அந்த எண் பொய் என்று நான் சொல்லவில்லை. முதல் கூட்டத்திலிருந்தே நானும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தினமும் காலை ஆறு மணிக்குப் பள்ளத்து வயலுக்கு இறங்கிப் போவேன். தழையில் வெள்ளை படிந்து உறைந்திருந்தால் 'ப' என்று எழுதுவேன், இல்லையென்றால் ஒரு கோடு. முந்தின நாள் உங்கள் குறுஞ்செய்தி வந்திருந்தால் பக்கத்தில் 'செ'. போன டிசம்பர் முதல் தேதியிலிருந்து பிப்ரவரி கடைசி வரை 90 இரவுகள். என் வயலில் உறைபனி விழுந்தது 14 இரவு. எச்சரிக்கை வந்தது 9 இரவு. அதில் ஐந்து பலித்தது, நான்கு பலிக்கவில்லை. எச்சரிக்கை வராமலே பனி விழுந்த இரவுகள் ஒன்பது. பனியும் இல்லை, செய்தியும் இல்லை என்று போனவை 72. சரியாக அமைந்த இரவுகளைக் கூட்டினால் 72-ம் 5-ம் 77. தொண்ணூறில் 77 என்றால் 86 சதவீதம். உங்கள் எண்ணேதான் வருகிறது.

சரி, இப்போது இதையும் போட்டுப் பாருங்கள். அந்த மூன்று மாதமும் நீங்கள் ஒரு செய்திகூட அனுப்பாமல் இருந்திருந்தால்? பனி விழாத 76 இரவுகளும் 'சரி' என்ற கணக்கில் சேரும். தொண்ணூறில் 76, அதாவது 84 சதவீதம். மூன்று வருடம் நாம் எல்லோரும் சேர்ந்து உழைத்ததற்கும், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கும் இந்த அளவுகோலில் ஒரே ஒரு இரவுதான் வித்தியாசம். உங்கள் உழைப்பு அவ்வளவு அற்பமானது என்று நான் நம்பவில்லை. அளந்த கோல்தான் தப்பு.

இது புதிதாக நான் கண்டுபிடித்த தப்பும் இல்லை. 1884-ல் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவில் இருந்த ஜான் ஃபின்லி என்பவர் டொர்னேடோ சூறாவளி வருமா வராதா என்று 2,803 முன்னறிவிப்புகள் கொடுத்தார். 96.6 சதவீதம் சரியாக இருந்தது என்று வெளியிட்டார். கில்பர்ட் என்ற நிலவியல் அறிஞர் அதே வருடம் அந்தக் கணக்கைக் கையிலெடுத்தார். சூறாவளி வரவே வராது என்று எல்லா நாளும் சொல்லியிருந்தால் 98.2 சதவீதம் கிடைத்திருக்கும்! உண்மையில் வந்த சூறாவளிகள் 51. அதில் ஃபின்லி முன்கூட்டிச் சொன்னது 28. அரிதாக வரும் ஆபத்தை எப்படி மதிப்பிட வேண்டும் என்ற படிப்பே அந்த விவாதத்திலிருந்துதான் வளர்ந்தது. உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தப் பழைய சதவீதத்தை எங்களுக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

எங்களுக்கு வேண்டியது இரண்டே வரி. பனி விழுந்த 14 இரவில் எத்தனையை முன்கூட்டிச் சொன்னீர்கள்? ஐந்து. நீங்கள் எச்சரித்த 9 இரவில் எத்தனை பலித்தது? ஐந்து. இந்த இரண்டு வரியும் ஆறு பக்கத்தில் எங்கும் இல்லை.

தவறிப்போன அந்த ஒன்பது இரவுகளில் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செய்தி எதுவும் வரவில்லை. சாயங்காலம் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, காற்று அசையவில்லை. என் மாமியார் உயிரோடு இருந்தபோது இப்படி ஒரு சாயங்காலம் வந்தால் போதும், சாக்குகளைத் தேடி எடுக்கச் சொல்லிவிடுவார். எனக்கும் மனதில் பட்டது. ஆனாலும் செல்போனைப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டேன். மூன்று வருடப் பழக்கம் அது; உங்களை நம்பப் பழகியிருந்தேன். காலையில் இறங்கிப் போனால் அரை ஏக்கர் உருளையும் வெள்ளையாக நிற்கிறது. கேரட் ஓரளவு தாங்கும், உருளை தாங்காது. வெயில் ஏறுவதற்குள் ஸ்பிரிங்க்ளரைப் போட்டுப் பனியைக் கழுவலாம் என்று மோட்டாரிடம் ஓடினேன். அதற்குள் வெயில் தொட்டுவிட்டது. பத்து மணிக்கு இலையெல்லாம் வெந்நீர் ஊற்றியது போலக் கருத்துத் தொங்கியது.

இதற்கு நான் உங்களிடம் நஷ்ட ஈடு கேட்கவில்லை. அந்த இரவு உங்கள் அறிக்கையில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்கிறேன். ஏனென்றால் உங்கள் நிலையத்தின் கணக்கில் அன்று பனியே விழவில்லை. மேட்டில் நிற்கும் கருவி அன்று காலை 4 டிகிரி காட்டியது. ஆகவே செய்தி அனுப்பாததும் 'சரி' என்று பதிவாகிவிட்டது. என் உருளை கருகிய இரவு உங்களுக்குச் சரியாகச் சொன்ன இரவு.

இது எப்படி நடக்கிறது என்று நாம் முதல் வருடமே பேசியிருக்கிறோம். தெளிந்த, காற்றில்லாத இரவில் தரை சூட்டை இழக்கிறது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று குளிர்ந்து கனமாகி, தண்ணீர் ஓடுவது போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. மேலே போகப் போகக் குளிர் கூடும் என்ற பொதுக்கணக்கு அப்படிப்பட்ட இரவில் தலைகீழாகிவிடும். ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தாவில் பள்ளத்துப் புல்வெளி வெள்ளையாக உறைந்திருக்கும்போது பாதி மலையில் இருக்கிற தேயிலை பச்சையாகவே இருக்கும். அதிலும் வானிலை நிலையத்து வெப்பமானி தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில் கூண்டுக்குள் இருக்கிறது. அங்கே மூன்று நான்கு டிகிரி இருக்கும்போதே புல் நுனியில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். நாடு முழுவதற்கும் கணினியில் வானிலையைக் கணிக்கும் முறை, வரைபடத்தை 12 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பார்த்ததிலிருந்து 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் கட்டங்களுக்கு வந்திருக்கிறது. நல்ல முன்னேற்றம், மகிழ்ச்சிதான். ஆனால் ஆறு கிலோமீட்டருக்குள் எங்கள் ஊரில் எத்தனை மேடு, எத்தனை பள்ளம் என்று உங்களுக்கே தெரியும், நடந்து பார்த்திருக்கிறீர்கள்.

அதனால்தானே அந்த நான்கு வெப்பமானிகள் வந்தன! இரண்டாவது கூட்டத்தில் எங்கள் ஹட்டியின் (படுகர் ஊரின்) பெரியவர் ஒருவர் எழுந்து, "உங்க மெஷின் நிக்கிற இடத்துக்குப் பனி வராது. பனி வர்ற இடத்துல மெஷினை வையுங்க" என்றார். நீங்கள் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டீர்கள். அடுத்த மாதமே நான்கு பள்ளங்களில், முழங்கால் உயரத்துக்கும் கீழே, கருவி வைத்தீர்கள். இந்த மூன்று வருடத்தில் எனக்கு நிறைவாக இருந்த நாள் அது. நானும் நான்கு பேரும் மாறி மாறி காலையில் படித்து அனுப்பினோம். நடுங்கிக்கொண்டே அனுப்பினோம், ஒருநாளும் சம்பளம் கேட்கவில்லை. அந்தப் பதிவுகள் மதிப்பீட்டில் சேர்க்கப்படவில்லை. "தரப்படுத்தப்படாத தரவு" என்று அடிக்குறிப்பில் ஒரு வரி இருக்கிறது. தரப்படுத்த வேண்டும் என்று ஒருமுறையாவது எங்களிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் செய்திருப்போமே.

'இணைந்து உருவாக்குதல்' என்ற சொல்லை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். 1970-களில் எலினார் ஆஸ்ட்ரமும் அவருடன் இருந்தவர்களும் அமெரிக்க நகரங்களில் போலீஸ் சேவையை ஆராய்ந்ததை உங்களில் ஒருவர் சொன்னார். தெருவில் இருப்பவர்கள் தகவல் சொல்லி, துணைக்கு நிற்காமல் போலீஸ் மட்டும் பாதுகாப்பை உண்டாக்க முடியாது. சேவையைப் பெறுகிறவர்களும் அதை ஆக்குகிறவர்கள்தான் என்று அவர்கள் கண்டார்கள். ஆஸ்ட்ரம் 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார், அதைப் பெற்ற முதல் பெண் அவர் என்று கேட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! அந்தக் கூட்டத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது நாங்கள் ஐந்து பேரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். ஆக்கும்போது நாங்களும் ஆக்குகிறவர்கள். மதிப்பெண் போடும்போது மட்டும் எப்படி வெறும் 'பயனாளிகள்' ஆனோம்?

திருப்திக் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்டீர்கள். கேட்டு வந்தது உங்கள் குழுவில் வேலை பார்க்கும் ஒரு பெண், நல்ல பிள்ளை. குளிரில் மேடேறி வந்து, வாசலில் நின்று கேட்டாள். காபி கொடுத்து உட்கார வைத்தேன். நான்கு என்று சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்து இரண்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீடு தேடி வந்தவரிடம் குறை சொல்லாத ஊர் இது. பக்கத்து வீடுகளிலும் விசாரித்தேன், எல்லோரும் நான்கு, ஐந்துதான். அந்த வேலையைச் செய்தவர்களே வந்து, வேலை எப்படி என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? அதற்குப் பதிலாக "போன மாதம் செய்தி வந்தபோது என்ன செய்தீர்கள், வராமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்" என்று கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேன்.

அப்படிக் கேட்டிருந்தால் ஒரு விஷயம் முதலிலேயே தெரிந்திருக்கும். உங்கள் செய்தி வருவது மாலை ஏழு மணிக்கு. எங்கள் ஊரில் கூலிக்கு வருகிறவர்கள் நான்கு மணிக்கே வீடு திரும்பிவிடுவார்கள். ஏழு மணிக்கு, இருட்டில், வயதான இரண்டு பேர் அரை ஏக்கரைச் சாக்கு போட்டு மூடுவது எப்படி? பலித்த ஐந்து எச்சரிக்கையில் என்னால் ஏதாவது செய்ய முடிந்தது இரண்டே முறை. இதையும் சேர்த்தால் 14-ல் இரண்டு. மூன்று மணிக்குள் வருகிற செய்தி கொஞ்சம் துல்லியம் குறைந்ததாக இருந்தாலும் எங்களுக்கு அதுதான் வேண்டும். அந்தப் பேரத்தை எங்களோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் பட்டா வைத்திருக்கிற என்னைப் போன்றவர்களின் குறை. இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது.

இந்தப் பள்ளத்தாக்கில் பனியை முதலில் தொடுகிறவர்கள் யார்? கேரட் பிடுங்குகிற பெண்கள். இரவு இரண்டு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பிக்கப் வண்டியில் வந்து இறங்குவார்கள். உறைந்து நிற்கும் தழையை வெறுங்கையால் பிடித்து இழுக்க வேண்டும். மூட்டை கட்டி, கழுவும் இயந்திரத்துக்கு அனுப்பி, லாரி விடியும் நேரத்துக்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டும். நீங்கள் கோவையிலோ சென்னையிலோ காலையில் வாங்கும் கேரட் அந்தக் கைகள் பிடுங்கியது. இவர்களில் பலர் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நிலம் கிடையாது. அதனால் உங்கள் பயனாளிப் பட்டியலிலும் பெயர் கிடையாது. என் தோட்டத்துக்கு வரும் அக்கா ஒருத்தரிடம் இந்தச் சேவையைப் பற்றிக் கேட்டேன். "அப்படி ஒண்ணு இருக்கா டீச்சர்? எங்களுக்குச் சொன்னா ரெண்டு கையுறையும் இன்னொரு ஸ்வெட்டரும் எடுத்துட்டு வருவோமே. அதிகமாப் பனி அடிச்சா நாலு மணிக்கு வர்றோம்னு மேஸ்திரிகிட்டக் கேக்கலாமே" என்றார். அவருக்குத் தனி செல்போன் இல்லை. வீட்டில் இருக்கிற ஒன்று மகனிடம்.

மூன்று வருடக் கூட்டத்தில் இவர்களில் ஒருவரைக்கூட நாம் கூப்பிடவில்லை. இதில் உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு நியாயம் இல்லை. விவசாயிகள் தரப்பு என்று உட்கார்ந்திருந்த எனக்கும் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. ஆனால் இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் 'பயனாளிகள் திருப்தி' என்ற வார்த்தையை அப்படியே விட முடியாது.

மழைச் செய்தியில் எனக்குக் குறை இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு நாள் மழை என்று நீங்கள் சொன்னதை நம்பி உரம் போடுவதைத் தள்ளிப்போட்டு, பணம் மிச்சப்படுத்தியிருக்கிறேன். கருகல் நோய்க்கு மருந்து அடித்த அன்றே மழையில் கழுவிப்போகும் கஷ்டமும் குறைந்திருக்கிறது. ஆனால் கனமழை எச்சரிக்கையை இன்னும் முழு மாவட்டத்துக்கும் ஒரே நிறத்தில் அனுப்புகிறீர்கள். கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குதான் பயம். 2019 ஆகஸ்ட் 8 அன்று மேற்குப் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பதிவானது. கிழக்குச் சரிவில் அன்று பெய்ததை அதோடு ஒப்பிடவே முடியாது.

2009 செப்டம்பரில் ஜெனீவாவில் உலக நாடுகள் கூடி, காலநிலைத் தகவல் தேவைப்படுகிறவர்களிடம் போய்ச்சேர ஒரு உலகளாவிய ஏற்பாடு வேண்டும் என்று முடிவு செய்தன. உங்கள் சேவையின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள். இரண்டு மாதம் கழித்து நவம்பரில் எங்கள் மலை சரிந்தது. நாற்பது பேருக்கு மேல் மண்ணில் போனார்கள். அந்த வாரம் எங்கள் பள்ளியில் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட எனக்குப் பயமாக இருந்தது. முன்னறிவிப்பு என்ற சொல்லை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அது சரியாக அளக்கப்பட வேண்டும் என்று அடம்பிடிப்பதற்கும் அதுதான் காரணம்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. விவசாயிகளுக்கு வானிலை ஆலோசனை சொல்ல நாடு முழுக்க 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் இருந்தன. 2024 மார்ச்சோடு அவை மூடப்பட்டன. மேலே இருப்பவர்கள் கையில் ஒரு காகிதம் இருக்கும், அதில் நாலு எண் இருக்கும். அதை வைத்துத்தான் எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று முடிவாகும். இன்று 86 என்ற எண் எங்கள் வெப்பமானிகளை எடுக்கக் காரணமாகிவிட்டது. நாளை அதே எண் மன்னவனூரிலும் பூம்பாறையிலும் பூண்டும் உருளையும் போடுகிற விவசாயிகளிடம் போகும். அவர்கள் ஊரிலும் மேடும் பள்ளமும்தான் இருக்கிறது.

நான் கேட்பது இவை.

நான்கு வெப்பமானிகளையும் எடுக்காதீர்கள். குறைந்தது வருகிற டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி முடியும் வரை அவை பள்ளத்திலேயே இருக்கட்டும். படித்து அனுப்பும் வேலையை நாங்கள் தொடர்ந்து செய்கிறோம். எப்படித் தரப்படுத்துவது என்று ஒரு நாள் வந்து சொல்லிக்கொடுங்கள், பேட்டரி மாற்றிக்கொடுங்கள், அது போதும்.

86 சதவீதம் என்ற எண்ணை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டு, பனி விழுந்த இரவுகளில் எத்தனை சொன்னோம், எத்தனை தவறவிட்டோம், எத்தனை முறை வீணாக எச்சரித்தோம் என்று மேட்டுக்குத் தனியாக, பள்ளத்துக்குத் தனியாகப் போட்டு வெளியிடுங்கள். எங்கள் ஐந்து பேரின் நோட்டுகளையும் தருகிறோம். அவற்றில் தப்பு இருந்தால் எங்கள் முன்னால் வைத்துக் காட்டுங்கள், திருத்திக்கொள்கிறோம். ஏழு மணிச் செய்தியை மூன்று மணிக்கு மாற்றினால் எவ்வளவு துல்லியம் குறையும் என்ற கணக்கையும் அதில் சேருங்கள்.

கேரட் பிடுங்கும் பெண்களையும், குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவர்களையும் மதிப்பீட்டில் கேளுங்கள். கேட்கப் போகிறவர் உங்கள் குழுவைச் சேராதவராக இருக்க வேண்டும். செல்போன் இல்லாதவர்களுக்கு எச்சரிக்கை எப்படிப் போய்ச்சேரும் என்பதற்கு மேஸ்திரிகளையும் பிக்கப் ஓட்டுகிறவர்களையும் கூப்பிட்டு ஒரு வழி காணுங்கள்.

கொடைக்கானலில் தொடங்கும் முன் எங்களில் இரண்டு பேரை அங்கே அழைத்துப் போங்கள். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அந்த விவசாயிகளிடம் நாங்களே சொல்கிறோம்.

இதையெல்லாம் பேச இந்த மாதம் முடிவதற்குள் ஒரு கூட்டம் போடுங்கள். கடைசிக் கூட்டம் என்று பெயர் வைக்காமல் போடுங்கள். காலை பதினொரு மணிக்கு மேல் வையுங்கள். கேரட் பிடுங்கப் போனவர்கள் அப்போதுதான் வீடு திரும்பி ஒரு வாய் சாப்பிட்டிருப்பார்கள். நான் நோட்டுகளோடு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கேத்தி பாலாடாவிலிருந்து ஒரு விவசாயி, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை